முச்சந்தி வளைவு

சிரஞ்சீவி தணிகாசலத்துக்கு உன் நைனா எழுதுவது.

பம்பாய் போய்ச் சேர்ந்துவிட்டதாக நீ போட்ட கார்டு கிடைத்தது. அங்கே தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா, சாப்பாட்டில் காரம் உண்டா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள். கேட்டாயிற்று. இனி நான் எழுத வந்ததை எழுதுகிறேன். சரக்கு இன்னது, அதில் பழுது இன்னது என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டு வியாபாரம் பேசுகிறவன் நான். உன்னிடம் மட்டும் அந்த வழக்கத்தை ஒரு வருஷமாக விட்டிருந்தேன். போன மாசியில் பிளேன் மைதானத்துப் பந்தயத்தில் நீ ஓட்டின வண்டி முச்சந்தி வளைவில் சறுக்கிப் புரண்டதே, அதற்குக் கரீம் பாய் போட்ட பிரேக் காரணமில்லை. நான் காரணம். பாயின் பிரேக் நன்றாகத்தான் இருந்தது. நீயும் நன்றாகத்தான் ஓட்டினாய். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டே நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. பஜார் அச்சாபீஸில் அச்சுக்கும் கொடுக்கப் போகிறேன். அது ஏன் என்பது கடைசியில் வரும். கோபத்தில் பாதியில் கிழித்துப் போட்டாயானால் ஒன்றும் நஷ்டமில்லை, நகல் வைத்திருக்கிறேன்.

அந்த மைதானம் உனக்குப் பந்தயப் பாதையாகத்தான் தெரியும். எனக்கு அது வேர்க்கடலைக் கொல்லையாக இருந்த நாளிலிருந்து தெரியும். மணவூரிலிருந்து அரக்கோணம் போகும் வழியில் மேட்டு நிலம், மானாவாரிப் பயிர், நடுவில் ஒரே ஒரு கிணறு. ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு நம் பக்கம் ஓடி வந்த வருஷம் அந்த நிலத்தை சர்க்கார் எடுத்துக்கொண்டது. கடலை பிடுங்கக்கூட அவகாசம் தரவில்லை. செடியோடு மண்ணைப் புரட்டினார்கள். நான் அப்போது கோணிப்பை வியாபாரி. காவடிக் கூட்டம் திருத்தணி மலையடிவாரத்தில் விட்டுப் போகிற கிழிந்த சாக்குகளைப் பொறுக்கி, தைத்து, துவைத்து விற்று ஆளானவன். விமானத்தைச் சுற்றி மணல் மூட்டை அடுக்க வேண்டும் என்றதும் நான் போய் நின்றேன். என்னைவிடப் பெரிய ஆட்கள் நல்ல சாக்கு கொண்டுவந்து காட்டினார்கள். நான் தைத்த சாக்கைக் கொண்டுபோய், மணல் போடுவதற்கு நல்ல சாக்கு எதற்குத் துரை என்று கேட்டேன். வெள்ளைக்காரன் சிரித்துவிட்டு எனக்கே கொடுத்தான். நம் வீட்டுச் சுவர் மண்ணிலிருந்து செங்கல்லானது அந்தச் சிரிப்பில்தான்.

அங்கே தினமும் போய்வந்ததால் பாதை போட்டதை அடி அடியாகப் பார்த்தேன். மலையைப் பார்த்தாற்போல் நீளப் பாதை, அது சிமெண்டுக் காரை. பலகை பலகையாக ஊற்றி, பலகைக்கும் பலகைக்கும் நடுவே தாரால் கோடு போட்டார்கள். அதன் மறுகோடியில் ஏரிக்கரையை ஒட்டிக் குறுக்குப் பாதை, அது தார். இந்த இரண்டையும் சேர்க்கிறதற்கு, விமானத்தை இழுத்துப் போகும் ஒடுக்கமான மூன்றாவது பாதை. வானத்திலிருந்து பார்த்தால் சமோசா மாதிரி இருக்கும் என்று ஒரு பைலட் சொன்னான். கிணற்றை மூடும்போது நிலத்துக்காரர் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் கிணறு மட்டும் இன்றுவரை சர்க்காருக்கு அடங்கவில்லை. ஒவ்வொரு ஐப்பசிக்கும் அந்த இடத்தில் தார் ஒரு சாண் இறங்கும், ஒவ்வொரு தைக்கும் ஜல்லி கொட்டி நிரவுவார்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் நீங்கள் கிணற்று வளைவு என்று சொன்னது அதைத்தான்.

சண்டை முடிந்ததும் விமானங்கள் போயின. காவலுக்கு இரண்டு பேர் மிச்சம். சுற்றுப்பட்டு ஜனங்கள் சிமெண்டுப் பாதையில் மிளகாய் காயவைத்தார்கள், கம்பு அடித்தார்கள். அம்மையார்குப்பத்து நெசவாளிகள் வந்து தறிக்குப் பாவு நூல் நீட்டிப் பார்த்துவிட்டு, காற்று அதிகம் என்று திரும்பிப் போனார்கள். மிலிடெரி சாமானை ஏலம் போட்டபோது மற்றவர்கள் லாரிக்கும் கூடாரத்துக்கும் போட்டியிட, நான் காலித் தார் பீப்பாய்களை மொத்தமாக எடுத்தேன். அதை என்ன செய்வீர் என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்கும் தெரியாது. மலிவாக வருவதை எடுத்துவைத்தால் கேட்கிறவன் ஒருநாள் வருவான் என்பது என் கணக்கு. வந்தார்கள். பட்டணத்து ஆட்கள், கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை, வண்டியில் மட்கார்டுகூடக் கிடையாது. அந்த மூன்று பாதையையும் சேர்த்து மோட்டார்ப் பந்தயம் விடப் போகிறோம், வளைவுகளுக்கு எல்லை காட்டப் பீப்பாய் வேண்டும் என்றார்கள். வெள்ளையடித்து, உள்ளே மணல் நிரப்பி, வளைவுக்கு வளைவு நான்தான் நிறுத்தினேன். ஆக, அந்தப் பாதையின் மூட்டையும் என்னுடையது, பீப்பாயும் என்னுடையது. பந்தயத்தைப் பார்க்க மணவூர் ஸ்டேஷனில் இறங்கி ஜனங்கள் வரிசையாக நடந்து வரும்போது, என் வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறார்கள் என்பதுபோல் நிற்பேன்.

உன்னை அங்கே கூட்டிப்போனதும் நானே. அதை மறந்துவிடாதே. முதல் பந்தயத்தன்று பீப்பாய்க்கு வெள்ளையடிக்க ஆள் போதவில்லை என்று உன்னை அழைத்துப் போனேன். பிரஷ்ஷை நீ ஒரு மணி நேரம்தான் பிடித்தாய். அப்புறம் பார்த்தால் கரீம் பாய் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறார், அவர் காலுக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கால். அந்தச் செருப்பு நான் வாங்கிக் கொடுத்த செருப்பு.

பாயை எனக்கு அதற்கு முன்பே தெரியும். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடின காலத்தில், அரக்கோணத்திலிருந்து பள்ளிப்பட்டு வரை எந்த பஸ் நின்றாலும் பழுது பார்க்க அவருக்குத்தான் ஆள் போகும். நல்ல மனுஷன், நல்ல கை, வாய் குறைவு. அவர்மேல் அப்போது எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. தோல் மண்டிக்காரர் மகன், எல்லோரும் சின்ன முதலாளி என்பார்களே, அவர் தன் பந்தய வண்டியைப் பாயின் தகரக் கொட்டகையில் விட்டுவைத்ததும், நீ தினம் காலை ரயிலுக்கு அரக்கோணம் போக ஆரம்பித்ததும், அப்புறம்தான் எனக்கு வயிறு எரியத் தொடங்கியது.

உனக்கு அது தெரிந்திருக்காது. வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் உன் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை, பாய் சொன்னார். ஸ்க்ரூ டிரைவரை எஞ்சினில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்தால் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று கேட்கலாமாம், பாய் சொன்னார். சிமெண்டுப் பலகைச் சந்துகளில் டயர் தட்டுகிற தாளத்தை வைத்தே வேகத்தைச் சொல்லலாமாம், பாய் சொன்னார். மத்தியானம் தார் இளகிவிடும், குறுக்குப் பாதையில் காலையில் பிடித்த வேகம் பிற்பகலுக்கு ஆகாது, ஏரிக்கரை வளைவில் கிழக்குக் காற்று மணலைக் கொண்டுவந்து போடும், அதையும் பாய் சொன்னார். மகனே, அந்தத் தார் இளகும் என்பது எனக்குத் தெரியாதா? அது ஊற்றின அன்றைக்கே என் செருப்பு அதில் ஒட்டியது. ஆனால் நீ என்னைக் கேட்கவில்லை. உன் அம்மா ஆக்கின குழம்பை அப்படியே வைத்துவிட்டு, பாய் வீட்டில் சாப்பிட்டாயிற்று என்று சொன்ன நாட்களை நான் எண்ணினேன். அம்மா எண்ணவில்லை. நான் எண்ணினேன்.

உன்னைத் திருப்ப எனக்குத் தெரிந்த வழியிலெல்லாம் பார்த்தேன். லாரி வாங்கித் தருகிறேன், நீயே ஓட்டு என்றேன். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பாயிடம் போய்க் கேட்டாய். அப்புறம் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்தப் பாதையைப் பற்றிப் பாய்க்குத் தெரியாத ஒன்றை நான் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு ஆட்களை வைத்துக் கயிறு பிடித்து மூன்று பாதையையும் அளந்தேன். எந்தப் பலகை தூக்கியிருக்கிறது, எந்தச் சந்தில் தார் போய்விட்டது, முச்சந்தி வளைவின் அகலம் எத்தனை கஜம், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி உன் முன்னால் வைத்தேன். நீ மரியாதையாகத்தான் பார்த்தாய். அப்புறம் சொன்னாய், "நடந்து பாக்கற வளைவு வேற, ஓட்டிகினு வர்ற வளைவு வேற நைனா. அது பாய்க்குத்தான் தெரியும், உங்களுக்குத் தெரியாது." நீ குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது உள்ளே போய்த் தங்கியது. அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை, இன்னும் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அவ்வளவு ரோஷம்.

மாசிப் பந்தயத்தில் சின்ன முதலாளி தன் வண்டியை உன்னை ஓட்டச் சொன்னார். தான் ஓட்டினால் மூன்றாவது வருகிறோம், இந்தப் பையன் பழகும்போது அதைவிட வேகமாகச் சுற்றுகிறான் என்று அவரே கண்டுகொண்டார். பக்கத்து ஸீட்டில் பாய் உட்கார்ந்து வருவது என்று ஏற்பாடு. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. விடியற்காலை மலையேறி விபூதி வாங்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்தேன். அங்கே ஸ்டியரிங்கில் ஏதோ ஒரு தர்காவிலிருந்து வந்த பச்சைக் கயிறு கட்டியிருந்தது. பாயின் வீட்டுக்காரி கொடுத்தனுப்பியது என்றாய். நீ அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். நான் விபூதியை நீட்டினேன். வாங்கினாய், மடித்துச் சட்டைப் பையில் வைத்தாய். நெற்றியில் வைத்தால் வேர்வையில் கண்ணுக்குள் இறங்கும் என்று பாய் சொன்னாராம். அவர் சொன்னது நியாயம்தான். இன்றைக்கு நிதானமாக யோசித்தால் நியாயம்தான். அன்றைக்கு எனக்குக் கண் இருட்டியது.

திருஷ்டி கழிக்க வெள்ளைப் பூசணிக்காய் ஒன்று உன் அம்மா முதல்நாளே வாங்கி வைத்திருந்தாள். வண்டிக்கு எதிரே சுற்றி உடைப்பதாகத்தான் கொண்டுபோனேன். ஆனால் வண்டியைச் சுற்றி நீயும் பாயும் பட்டணத்து ஆட்களும் நின்றீர்கள். நான் பூசணிக்காயோடு போய் நின்றால், பாய் என்ன சொல்கிறார் என்று நீ அவர் முகத்தைப் பார்ப்பாய். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எனக்குத் தெரிந்த சாஸ்திரம் இன்னொன்று இருந்தது. திருஷ்டிக்காய் முச்சந்தியில் உடைத்தால் முழுப் பலன். அந்த மைதானத்தில் முச்சந்தி ஒன்றே ஒன்றுதான். ஒடுக்கமான பாதை நீளப் பாதையில் வந்து சேருகிற இடம். ஊரிலிருந்து வருகிற வண்டித்தடமும் அங்கேதான் கூடும். அந்த வளைவுக்கு அப்படிப் பேர் வந்ததே அதனால்தான். பழக்க ஓட்டமெல்லாம் முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில், பீப்பாய்க் காவலுக்கு இருந்த என் ஆட்களையும் சாப்பிட அனுப்பிவிட்டு, நான் மட்டும் அங்கே போனேன். காயைக் குடைந்து குங்குமமும் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீரை உள்ளே ஊற்றி, சூடம் ஏற்றி, வண்டி இருந்த திசையைப் பார்த்து மூன்று சுற்று சுற்றினேன். யாருடைய கண் கழிய வேண்டும் என்று நினைத்துச் சுற்றினேன் தெரியுமா? கரீம் பாயின் கண். என் பிள்ளைமேல் பட்ட கண் அதுதான் என்று நிச்சயமாக நம்பினேன்.

நான் முட்டாள் இல்லை, பாதை நடுவில் உடைக்கவில்லை. பத்துப் பதினைந்து வண்டி அகலம் இருக்கிற இடத்தில், உள்பக்கப் பீப்பாய்களை ஒட்டினாற்போல் ஓரமாக உடைத்தேன். நடக்கிறவன் அப்படித்தான் நினைப்பான், நடுப்பாதையில்தானே வண்டி போகும், ஓரம் யாருக்கு வேண்டும் என்று. வளைவில் வருகிற வண்டி வெளி ஓரத்திலிருந்து இறங்கி, உள்பீப்பாயை உரசுகிற மாதிரி வந்து, திரும்பவும் வெளியே போகும் என்பது எனக்குத் தெரியாது. நீ சொன்னாயே, உங்களுக்குத் தெரியாது என்று. அதுதான் எனக்குத் தெரியவில்லை.

முதல் இரண்டு சுற்றில் கூட்டமாக வந்ததால் எல்லோரும் அகலமாகவே திரும்பினார்கள். மூன்றாவது சுற்றில் நீ முன்னால் வந்தாய். எதிரே யாரும் இல்லை. பாய் பழக்கிவிட்ட வழியிலேயே உள்ளே வந்தாய். பின்சக்கரம் அந்த ஈரத்தில் ஏறினதை நான் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தேன். வண்டி அப்படியே பக்கவாட்டில் போய், எதிர்ப்பக்கம் நான் மணல் நிரப்பி நிறுத்தின பீப்பாய்களில் மோதி, ஒருபக்கமாகச் சாய்ந்தது. நீ வெளியே எகிறி விழுந்தாய், முழங்காலில் சிராய்ப்போடு எழுந்தாய். பாயின் வலது கை வண்டிக்கும் பீப்பாய்க்கும் நடுவே மாட்டிக்கொண்டது.

இனி எழுதப் போவதுதான் எனக்குக் கஷ்டம். உன்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நான் அடுத்தபடி போனது பாயிடம் இல்லை. பூசணிக்காய் கிடந்த இடத்துக்குப் போனேன். உடைந்த துண்டையெல்லாம் காலால் பள்ளத்தில் தள்ளினேன். சிவப்பாக ஈரம் பரவிக் கிடந்தது. ஒரு மணல் மூட்டையைப் பிரித்து அதன்மேல் கொட்டினேன். ஓடி வந்தவர்கள் அதை ரத்தம் என்று நினைத்தார்கள். இந்த நேரத்திலும் நிதானமாக மணல் போடத் தோன்றியதே என்று சின்ன முதலாளி என் முதுகில் தட்டினார். நீ வந்து என் சட்டையைப் பிடித்து, "இன்னா நைனா ஆச்சு, நீங்க பாத்துகினுதானே இருந்தீங்க" என்று கேட்டாய். எத்தனையோ நாளைக்கு அப்புறம் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். எனக்குத் தெரியும் என்று நினைத்துக் கேட்டாய். நான், பிரேக் பிடிக்கவில்லை என்றேன்.

நீ அதையே சின்ன முதலாளியிடம் சொன்னாய். அவர் பத்துப் பேர் முன்னிலையில், தரையில் கிடந்த பாயிடம் கேட்டார். பாய் உன்னைப் பார்த்தார். பையன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், என் கைவேலையில் எங்கேயோ தப்பு என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு இறங்கின பந்தய வண்டி எதுவும் அப்புறம் அந்தக் கொட்டகைக்குப் போகவில்லை. நீயும் போகவில்லை. அடுத்த வாரமே நம் கடையில் வந்து உட்கார்ந்தாய். வீட்டில் உன் அம்மா என்னைக் கேட்டது ஒரே ஒரு கேள்வி, பூசணிக்காயை எங்கே உடைத்தீர்கள் என்று. நான் கை கழுவ எழுந்து போனேன். அவள் அப்புறம் கேட்கவும் இல்லை. ஆனால் நீ கடையில் உட்கார்ந்த முதல் நாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "ஆங், புள்ள கடைக்கு வந்துட்டான். இப்ப நல்லா பசிக்குமே ஒங்களுக்கு" என்றாள். நன்றாகப் பசிக்கத்தான் செய்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஒரு வருஷம் நீ என் பக்கத்தில் இருந்தாய். சாக்குத் தரம் பார்க்கவும் பீப்பாய்க்கு அடிப்பாகம் தட்டிப் பார்க்கவும் கற்றுக்கொண்டாய். ஆனால் கடை வாசலில் ஏதாவது லாரி நின்று கிளம்பினால், பேச்சை நிறுத்திவிட்டு அது சந்து திரும்பும்வரை கேட்டுக்கொண்டிருப்பாய். அப்போதெல்லாம் எனக்குத் தெரியும், நீ என் கடையில் இல்லை. கடைசியில் பம்பாய் மோட்டார்க் கம்பெனிக்கு எழுதிப் போட்டு, உத்தரவு வந்த பிறகுதான் என்னிடம் சொன்னாய். பாயிடமிருந்து உன்னைப் பிரித்தேன். எனக்கும் நீ கிடைக்கவில்லை. வியாபாரத்தில் இவ்வளவு மோசமான கொள்முதல் நான் செய்ததில்லை.

நீ கிளம்பின அன்று அரக்கோணம் பிளாட்பாரத்தில் பாய் வந்திருந்தார். நீ பார்த்தாய். பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாய். அவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். வண்டி போன பிறகு என்னிடம் வந்தார். அந்த வலது கை முழங்கையில் மடங்கினபடியே இருந்தது, நீட்ட வரவில்லை; இடது கையில் ஒரு பொட்டலம். பிள்ளைக்கென்று வீட்டில் நான்கட்டாய் பிஸ்கோத்து சுட்டுக் கொடுத்தார்கள், சேர்க்க முடியவில்லை என்றார். பார்சலில் அனுப்புகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். அவர் போகாமல் நின்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார், "அந்தப் பிரேக் டிரம்மு என்கிட்டதான் கீது முதலாளி. சின்ன முதலாளி தூக்கிப் போட்டாரு, நான் எடுத்து வச்சிகினேன். வாரத்துக்கு ஒரு தபா பிரிச்சிப் பாக்கறேன். எங்க தப்பு பண்ணேன்னு தெர்ல. அது தெரிஞ்சா போதும் எனக்கு." அந்த விபத்துக்குப் பிறகு எந்த வண்டிக்கும் பிரேக் வேலை எடுப்பதில்லையாம். சைக்கிளும் தண்ணீர் பம்பும்தான் பார்க்கிறாராம். ஆள் சாகிற வேலையை இந்தக் கையை நம்பி எடுக்கக்கூடாது என்றார்.

நான் திருத்தணி வண்டியில் ஏறினேன். நான்கட்டாயை உனக்கு அனுப்பவில்லை. வழியில் நானே பிரித்து நாலைந்து தின்றேன். நன்றாக இருந்தது. இதைத்தானே இத்தனை நாள் அங்கே உட்கார்ந்து தின்றான் என்று அதற்கும் எரிந்தது. எரிந்துகொண்டே இருக்கும்போதுதான் அந்த மனுஷன் வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து, பழுதில்லாத இரும்பில் பழுது தேடுகிறது கண்ணில் வந்து நின்றது. என் சரக்கில் பழுது என்று பொய்யாக ஒருவன் சொல்லியிருந்தால் அவன் கடையை எழுந்திருக்க விட்டிருக்க மாட்டேன். நான் அவருக்குச் செய்தது அது.

நாலு நாள் பொறுத்து அரக்கோணம் போனேன். சும்மா போகவில்லை, பஜாரில் ஒரு பெரிய கொட்டகை பார்த்துப் பேசி வைத்துவிட்டு, கையில் அந்தச் சாவியோடு போனேன். பாய் ஒரு சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பூசணிக்காய், ஓரம், மணல், நீ கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில். அவர் கோபித்துக்கொள்வார் என்று இருந்தேன். அவர் கேட்டது என்ன தெரியுமா? உள்பீப்பாயிலிருந்து எத்தனை அடி என்று கேட்டார். சொன்னேன். சாக்பீஸை எடுத்துத் தரையில் அந்த வளைவை வரைந்தார், நான் கயிறு பிடித்து அளந்ததைவிடத் திருத்தமாக. ஒரு புள்ளி வைத்தார். வண்டி வந்த வழியைக் கோடு இழுத்தார். கோடு அந்தப் புள்ளிமேல் போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டே, "புள்ள சரியாதான் வந்துகினு இருந்தான்" என்றார். ஒரு வருஷமாகத் தன் கையைச் சந்தேகப்பட்ட மனுஷனுக்கு முதலில் வாயில் வந்தது நீ. நான் அங்கே மன்னிப்புக் கேட்க நின்றவன். அந்த நிமிஷத்திலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

கோபம் அப்புறம்தான் வந்தது. சாவியை நீட்டினேன். அவர் தொடவில்லை. "இதுக்கு வெல போட்டுகினு வந்தீங்களா முதலாளி? கை ஒடஞ்சது போவட்டும். என் கைய நானே நம்பாத பண்ணிட்டீங்களே" என்றார். அவர் அதோடு நிற்கவில்லை. பட்டணத்து ஆட்கள் பத்துப் பேர் முன்னால் என் பிரேக் என்று பேச்சு வந்தபோது நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள், இப்போது கொட்டகைக்குள் வந்து எனக்கு மட்டும் சொன்னால் எப்படி, அந்தப் பத்துப் பேரும் படிக்கிற மாதிரி எழுதுங்கள் என்றார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. டீ சொல்லவில்லை. நான் வெளியே வரும்போது, அந்த டிரம்மை அலமாரியிலிருந்து எடுத்துப் பழைய இரும்போடு போட்ட சத்தம் கேட்டது.

ஆகையால்தான் அச்சு. பந்தயம் விடுகிறவர்களுக்கும் சின்ன முதலாளிக்கும் அரக்கோணத்தில் வண்டி வைத்திருக்கிறவர்களுக்கும் ஆளுக்கொன்று போகும். படிக்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்; கோணிக்காரன் புத்தி என்பார்கள். சொல்லட்டும். சாக்கு வாங்க வராமல் போய்விட மாட்டார்கள். அடுத்த பந்தயத்துக்குப் பீப்பாய் கேட்டால் கொடுப்பேன், ஆனால் வளைவில் எங்கே நிறுத்துவது என்பதைப் பாய் வந்து காட்டினால்தான் நிறுத்துவேன் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

உனக்குப் புத்தி சொல்ல இப்போது எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், வாங்கினவன் விலை சொல்கிறேன் என்று வைத்துக்கொள். உனக்கும் ஒரு பிள்ளை பிறப்பான். அவனும் ஒருநாள் உன் எதிரில் சாப்பிட உட்கார்ந்து இன்னொருவர் பேரையே சொல்லிக்கொண்டிருப்பான். உனக்கு எரியும். எரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதே. எரிந்தால் அவனிடமே சொல்லிவிடு, எனக்கு இப்படி இருக்கிறதடா என்று. சிரிப்பான். சிரித்தால் சிரிக்கட்டும். நான் அதைச் சொல்ல வெட்கப்பட்டேன், வேறு ஒன்றும் இல்லை.

நீ பாய்க்கு எழுத வேண்டும். அன்று முகத்தைத் திருப்பியது என் பொய்யால்தான். ஆனால் திருப்பின முகம் உன்னுடையது, அதை நான் உனக்காக நேர் செய்ய முடியாது. லீவு கிடைக்கும்போது வா. வந்தால் அரக்கோணத்தில்தானே இறங்குவாய். முதலில் அவர் கொட்டகைக்குப் போவாய் என்று எனக்குத் தெரியும். போ. எத்தனை மணிக்குத் திருத்தணி வண்டி ஏறுவாய் என்று மட்டும் ஒரு வரி போட்டுவிடு, ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன்.

நேற்று பாய் ஆள் அனுப்பி உன் பம்பாய் விலாசம் கேட்டார். ஒரு கணம், கைதவறிவிட்டது என்று சொல்லி அனுப்பலாமா என்று தோன்றியது. அப்புறம் எழுதிக் கொடுத்தேன், கதவு எண்ணோடு. அவர் எழுத்துக் கூட்டி எழுதுகிறவர், நாளாகும். ஆனாலும் எனக்கு முன்னால் தபாலில் போட்டுவிடுவாரோ என்று இன்று கடை திறக்காமல் உட்கார்ந்து இதை முடிக்கிறேன். இரண்டும் ஒரே நாளில் வந்து சேர்ந்தால், என்னுடையதை முதலில் பிரி.